இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

1979இல் ரேடியோக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பதினாறு வயது. தூத்துக்குடி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. எங்கள் கடற்கரை ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. பத்துக்கு எட்டு அறை, ஒரு மர பெஞ்சு, ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர், சுவரோரம் திறந்து கிடக்கும் வால்வு ரேடியோக்கள், இவ்வளவுதான் கடை. முதலாளியை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

சேர்ந்த மூன்றாம் மாதம், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஒரே ரேடியோவை மூன்றாம் தடவையாகத் தூக்கிக்கொண்டு வந்தார். "சாயங்காலம் ஆனாப் போதும், கரகரன்னு ஒரே இரைச்சல். செய்தியில ஒரு வார்த்தை விளங்க மாட்டேங்கு" என்றார். கடையில் போட்டால் திருநெல்வேலி நிலையம் கண்ணாடி மாதிரி கேட்டது. முதல் தடவை ஒரு கண்டன்சரை மாற்றிக் கொடுத்திருந்தோம். இரண்டாம் தடவை வால்யூம் கண்ட்ரோலைத் துடைத்துக் கொடுத்தோம். இந்தத் தடவை அண்ணாச்சி பின்மூடியைத் திறக்கவே இல்லை. "சார், சீக்கு ரேடியோவுக்கு இல்ல, ரேடியோ இருக்க இடத்துக்கு. சாயங்காலம் பயலக் கூட்டிக்கிட்டு வாரேன்" என்றார்.

போனோம். விளக்கு வைக்கும் நேரம். வாத்தியார் வீட்டு ரேடியோ சொன்னபடியே இரைந்தது. அண்ணாச்சி கையோடு கொண்டுவந்த பாக்கெட் டிரான்சிஸ்டரைப் போட்டார். அதிலும் அதே கரகரப்பு. முற்றத்துக்குப் போனார், கூடியது. வாசலுக்கு வந்தார், இன்னும் கூடியது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு டியூப் லைட், பற்றுவதும் அணைவதுமாக மின்னிக்கொண்டிருந்தது. மின்னும் தாளமும் ரேடியோ கரகரக்கும் தாளமும் ஒன்றாக இருந்ததை அண்ணாச்சி விரலைச் சொடுக்கிக் காட்டினார். குழாயின் இரண்டு முனையும் கறுத்துக் கிடந்தன. ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பிரித்தால், உள்ளே இருக்கிற சிறு கண்டன்சரின் ஒரு கால் அறுந்திருந்தது. ஸ்டார்ட்டருக்குள் இரண்டு தகடுகள் ஒட்டிப் பிரியும். பிரிகிற ஒவ்வொரு தடவையும் சோக்கிலிருந்து பல நூறு வோல்ட் உதை எழும். அந்தப் பொறியின் இரைச்சல் வெளியே போகாமல் அடக்கத்தான் அந்தக் கண்டன்சர். குழாயையும் ஸ்டார்ட்டரையும் மாற்றினோம். வாத்தியார் வீட்டில் செய்தி தெளிவாகக் கேட்டது.

திரும்பி வரும்போது அண்ணாச்சி சொன்னதை இன்றும் தொழிலுக்கு அடிப்படையாக வைத்திருக்கிறேன். "ஏலே, இரைச்சல் கேட்டா உடனே அத அடக்கப் பாக்காத. அது எங்கேருந்து வருதுன்னு மொதல்ல பாரு."

*

வானொலியின் பிறப்பே ஒரு பொறியில்தான் நடந்தது. 1887இல் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் இரண்டு உலோக உருண்டைகளுக்கு நடுவே மின்பொறியைப் பாய்ச்சினார். சற்றுத் தள்ளி வைத்திருந்த கம்பி வளையத்தின் சின்ன இடைவெளியிலும் பொறி தெறித்தது. நடுவில் கம்பித் தொடர்பு எதுவும் இல்லை. மார்க்கோனி முதலில் செய்தி அனுப்பியதும் பொறியை வைத்துத்தான். ஆகவே எங்கே பொறி பறந்தாலும் அங்கே ஒரு வானொலி நிலையம் ஒலிபரப்பத் தொடங்கிவிடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மிக்ஸியின் கார்பன் பிரஷ், தேய்ந்த சுவிட்ச், மொபெட்டின் பிளக், தளர்ந்த ஒயர் எல்லாமே அப்படிப்பட்ட நிலையங்கள்தான். இவற்றுக்கு அலைவரிசை ஒதுக்கீடு கிடையாது. ரேடியோவின் முள் போகிற இடமெல்லாம் பரவிக் கேட்கும்.

மத்திய அலை ஒலிபரப்பில், ஒலியின் ஏற்ற இறக்கம் அலையின் பலத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது. பொறியும் பலத்தைத்தான் கலைக்கிறது. அதனால் ரேடியோவுக்குப் பாட்டையும் பொறியையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. பண்பலையில் ஒலி அலையின் பலத்தில் இல்லை, அதிர்வெண்ணில் இருக்கிறது. பலத்தில் வருகிற கூடுதல் குறைவை ரேடியோ வெட்டித் தள்ளிவிடும். மிக்ஸி ஓடும்போது மத்திய அலை செத்துப்போவதும் பண்பலை ஓரளவு தாங்குவதும் இதனால்தான்.

தொழிலில் நாங்கள் எப்போதும் மூன்று பேரைத் தேடுவோம். இரைச்சலைக் கிளப்புகிறவர், அதைச் சுமந்து வருகிறவர், அதை வாங்கிக்கொள்கிறவர். மூவரில் ஒருவரைச் சரிசெய்தால் போதும். ஆனால் யாரைச் சரிசெய்வது என்பது தேடிப் பார்க்காமல் தெரியாது.

*

தேடுகிற முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதற்கு வேண்டியது பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன மத்திய அலை டிரான்சிஸ்டர் மட்டும்தான்.

டிரான்சிஸ்டரைத் திறந்தால் கறுப்பாக, பென்சில் பருமனில் ஒரு குச்சி இருக்கும். அதன் மேல் மெல்லிய செப்புக் கம்பி சுற்றியிருக்கும். அதுதான் ஃபெரைட் ராடு, மத்திய அலைக்கான ஆன்டெனா. அதற்கு ஒரு குணம் உண்டு. குச்சியின் பக்கவாட்டை நிலையத்துக்குக் காட்டினால் நன்றாகக் கேட்கும். குச்சியின் முனையை நிலையத்துக்கு நேராகக் காட்டினால் ஒலி சட்டென்று அமுங்கும். இரைச்சலுக்கும் இதே விதிதான்.

முள்ளை நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்த வேண்டும். இந்தியாவில் மத்திய அலை 531 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1602இல் முடிகிறது. இந்தப் பரப்பில் எங்காவது ஒரு வெற்றிடம் கிடைக்கும். அங்கே இரைச்சல் மட்டும் கேட்கும். ரேடியோவை மார்போடு படுக்கையாகப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்ற வேண்டும். ஒரு திசையில் இரைச்சல் உள்வாங்கும். குச்சியின் முனை காட்டுகிற கோட்டில்தான் ஆள் இருக்கிறார், முன்னாலோ பின்னாலோ. பத்தடி தள்ளிப் போய் மறுபடியும் சுற்றிப் பார்த்தால் இன்னொரு கோடு கிடைக்கும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்துக்குப் போனால் பெரும்பாலும் ஒரு சுவரோ சுவிட்ச் போர்டோ நிற்கும்.

அதற்குப் பிறகு மெயின் போர்டு. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு மெயினை அணைப்பேன். டிரான்சிஸ்டர் பேட்டரியில் ஓடுவதால் அது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். இரைச்சல் நின்றுவிட்டால் ஆள் இந்த வீட்டுக்குள்தான். நிற்கவில்லை என்றால் பக்கத்து வீடு, அல்லது தெருக் கம்பம். வீட்டுக்குள் என்றால், அந்தக் காலத்தில் பியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவோம். இப்போது எம்.சி.பி.யை ஒவ்வொன்றாக இறக்குகிறோம். எந்த இணைப்பில் நிற்கிறதோ, அந்த இணைப்பிலுள்ள சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கையே உருவிவிட வேண்டும். சார்ஜர், செட்டாப் பாக்ஸ் போன்றவை அணைத்த மாதிரி இருக்கும், உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

ஊரே மின்வெட்டைத் திட்டிய காலத்தில், இரைச்சல் தேடுகிற எனக்கு அதைவிட நல்ல கருவி கிடைத்ததில்லை. தெரு முழுக்க மின்சாரம் போன அந்த நிமிடத்தில் எது நிற்கிறது, மின்சாரம் திரும்பியதும் எது முதலில் எழுகிறது என்று காது கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

*

கடற்கரை ஊருக்கென்றே ஒரு இரைச்சல் உண்டு. மழை பெய்யாமல் சில வாரம் போய், கொண்டல் காற்று அடித்துக்கொண்டிருந்தால், விடியற்காலையில் எல்லா ரேடியோவும் ஒரே மாதிரி சீறும். வெயில் ஏறி எட்டு மணி ஆனால் நின்றுவிடும். மறுநாள் விடியலில் மறுபடியும் தொடங்கும். இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்டுக்கொண்டே பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நேரம் அது. அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரலுக்கெல்லாம் எங்கள் ஊரில் அப்படி ஒரு மதிப்பு. அது கேட்காவிட்டால் கடைக்கு வந்து சண்டையே போடுவார்கள்.

நான் சேர்ந்த மறு வருஷம், அண்ணாச்சியும் நானும் நாலரை மணிக்கு எழுந்து கம்பி போகிற வழியே நடந்தோம். மத்திய அலையில் தேடினால் கம்பியின் நீளம் முழுக்க ஒரே மாதிரி இரைந்தது. கம்பியே இரைச்சலைச் சுமந்து போகிறது என்று அண்ணாச்சி சொன்னார். பேண்ட் சுவிட்சைச் சிற்றலைக்குத் தள்ளி, முள்ளை மேல்கோடிக்குக் கொண்டுபோனார். அதிர்வெண் கூடக் கூட, கம்பி வழியாக இரைச்சல் வெகுதூரம் போகாது. கிளம்புகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் பலமாக இருக்கும். அப்படியே நடந்தோம். உப்பளம் போகிற பாதையில் மூன்று கம்பங்களுக்குக் கீழே மட்டும் ரேடியோ அலறியது. இருட்டில் நிமிர்ந்து பார்த்தபோது, ஒரு கம்பத்தின் பீங்கானைச் சுற்றி நூலளவுக்கு ஊதா வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. அதற்கு முன் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

பீங்கான் மேல் கடல் உப்பு படிந்திருந்தது. காய்ந்த உப்பால் ஒன்றும் ஆகாது. பனி இறங்கி அது ஈரமானதும் மின்சாரம் அதன் மேல் ஊர்ந்து கசியத் தொடங்குகிறது. ஈரம் காய்கிற இடைவெளிகளில் சின்னச் சின்னப் பொறியாகத் தாவுகிறது. அதனால்தான் வெயில் வந்தால் நிற்கிறது. நல்ல மழை பெய்தால் உப்பே கழுவிப் போய், பல நாளைக்கு இரைச்சல் இருக்காது. இதற்கு நேர்மாறாக, தளர்ந்த போல்ட்டிலும் பட்டும் படாமலும் தொங்கும் கம்பியிலும் கிளம்புகிற இரைச்சல் வறண்ட நாளில் கூடும், மழையில் அடங்கும். காலையில் வருகிறதா, வெயிலில் வருகிறதா, மழைக்கு முன்னா பின்னா என்று கேட்டாலே ஆளைப் பாதி அடையாளம் கண்டுவிடலாம்.

கம்பத்தைத் தொடக் கூடாது, தட்டிப் பார்க்கவும் கூடாது என்று அண்ணாச்சி கண்டித்துச் சொல்லியிருந்தார். கம்ப எண்களை மட்டும் குறித்துக்கொண்டு லைன்மேனிடம் கொடுத்தோம். அவர் லைனை நிறுத்தி ஏறிப் பார்த்தார். இரண்டு பீங்கான்களைத் துடைத்தார், விரிசல் விட்டிருந்த மூன்றாவதை மாற்றினார். "இதை இப்படியே விட்டிருந்தா அடுத்த மழையில அறுந்து விழுந்திருக்கும்" என்றார். ஆடு மேய்க்கிறவர்களும் உப்பளத்துப் பெண்களும் நடக்கிற பாதை அது.

*

1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. பிதுருதலாகல மலை உச்சியிலிருந்து கிளம்பிய படம், வெயில் காலத்தில் கடல் அமைதியாக இருக்கும் நாட்களில், எங்கள் கரையில் அருமையாகத் தெரியும். தூர்தர்ஷன் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே எங்கள் ஊரில் டி.வி. வந்தது அப்படித்தான். வீட்டுக்கு வீடு முப்பது, நாற்பது அடிக் குழாய், அதன் மேல் ஆன்டெனா, ஆன்டெனாவுக்குக் கீழே அலையைப் பெருக்க ஒரு பூஸ்டர்.

ஒரு நாள் தெரு முழுக்க எல்லா டி.வி.யிலும் படத்தின் மேல் சாய்ந்த கோடுகள் ஓடின. எல்லோரும் கடலைக் குறை சொன்னார்கள். ஆனால் பக்கத்துத் தெருவில் படம் சுத்தமாக இருந்தது. கடல் ஒரு தெருவை மட்டும் கெடுக்காது.

மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் 'கூ' என்று கூவும். ஸ்பீக்கரில் வருவது மைக்குக்குள் போய், பெருகி வந்து, மறுபடியும் உள்ளே போகிற சுழல் அது. பூஸ்டரும் அப்படிக் கூவும், நம் காதுக்குக் கேட்காது, அவ்வளவுதான். பெருக்கிய அலை கேபிளின் கிழிந்த உறை வழியாகக் கசிந்து ஆன்டெனாவுக்கே திரும்பினால், அந்தப் பூஸ்டர் தானே ஒரு ஒலிபரப்பு நிலையம் ஆகிவிடும். உயரத்தில், நல்ல ஆன்டெனாவோடு சேர்ந்து, தெரு முழுவதையும் கெடுக்கும்.

யார் வீட்டுப் பூஸ்டர் என்று கண்டுபிடிக்க வீடு வீடாகத்தான் போக வேண்டியிருந்தது. ஒரு வீட்டு டி.வி.யின் முன்னால் என்னை உட்கார்த்திவிட்டு, அண்ணாச்சி ஒவ்வொரு வீட்டிலும் பூஸ்டரை ஒரு நிமிடம் அணைக்கச் சொன்னார். பதினோராவது வீட்டில் அணைத்ததும் நான் கத்தினேன். கோடுகள் துடைத்த மாதிரி போய்விட்டன. அந்த வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. தெருவே வாசலில் நின்றது. அண்ணாச்சி குரலை உயர்த்தாமல் சொன்னார்: "மாப்ளே, ஒம்ம பூஸ்டர் பெட்டிக்குள்ள தண்ணி போயிருக்கு. ஒமக்குத்தான் படம் எல்லாரையும் விட மோசமா இருந்திருக்கும். வாரும், சரி பண்ணுவோம்." அவர் ஆமாம் என்றார். அவருக்கு ஒரு மாதமாகவே படம் சரியில்லை, வெளியே சொல்லவில்லை. பெட்டியை இறக்கிக் காயவைத்து, துரு பிடித்த முனைகளைச் சுரண்டி ஈயம் வைத்து, கேபிளின் மேலுறையை நன்றாகப் பொருத்தி ஏற்றினோம்.

இந்தத் தொழிலில் பாதி மனிதர்களோடுதான். இரைச்சல் கேட்பது ஒரு வீட்டில், கிளம்புவது இன்னொரு வீட்டில். குற்றம் சாட்டிக்கொண்டு போனால் கதவு திறக்காது. 'உங்க வீட்டுச் சாமான்ல ஏதோ கோளாறு இருக்க மாதிரி தெரியுது, எரிஞ்சிரக் கூடாதேன்னு பாக்க வந்தோம்' என்று போனால் காப்பியும் கிடைக்கும். அது வெறும் சாமர்த்தியம் இல்லை, உண்மையும் அதுதான்.

*

பிறகு வந்த நாற்பது வருஷத்தில் சாமான்கள் மாறிக்கொண்டே வந்தன. டி.வி. பெருகியபோது, மத்திய அலையில் முள்ளை நகர்த்தினால் இடைவெளி விட்டு விட்டு விசில் கேட்டது. பழைய டி.வி. திரையில் நொடிக்கு 15,625 கோடுகள் வரையப்படும். அந்த வேகத்தின் மடங்குகள்தான் அந்த விசில். கனத்த கம்பிச்சுருள் ரெகுலேட்டர் போய் மின்னணு ரெகுலேட்டர் வந்தபோது, மின்விசிறியைக் குறைவாக வைத்தால் ரேடியோ உறுமியது. அந்த ரெகுலேட்டர் மின்னோட்டத்தை நொடிக்கு நூறு தடவை வெட்டி வெட்டி விடுகிறது. வெட்டு ஒவ்வொன்றும் ஒரு சின்ன இடி. கண்டன்சர் வைத்து, படிப்படியாக நிற்கிற மாதிரி செய்த ரெகுலேட்டரை மாட்டினால் உறுமல் போய்விடும்.

செல்போன் வந்த புதிதில், அழைப்பு வருவதற்கு ஒரு கணம் முன்னால் ஸ்பீக்கர் 'டட் டட டட்' என்று துடிக்கும். இரண்டாம் தலைமுறை போன் தொடர்ந்து ஒலிபரப்பாது. நொடிக்கு 217 தடவை விட்டு விட்டு அனுப்பும். அந்தத் துடிப்பை ஆம்ப்ளிஃபயர் பாட்டு என்று எடுத்துக்கொள்ளும். போனை இரண்டடி தள்ளி வைத்தாலே தீர்ந்துவிடும். தூரத்தைவிட மலிவான மருந்து எங்கள் தொழிலில் கிடையாது.

ஒரு வீட்டில் டி.வி. ரிமோட் இரவில் மட்டும் வேலை செய்யவில்லை. ரிமோட்டை மூன்று தடவை மாற்றிவிட்டார்கள். பகலில் நான் போய்ப் பார்த்தால் ஒழுங்காக வேலை செய்தது. இரவில் போனேன். டி.வி.க்கு எதிர்ச் சுவரில் எலக்ட்ரானிக் சோக் மாட்டிய டியூப் லைட். ரிமோட் பேசுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில், நொடிக்குச் சுமார் 38,000 தடவை மின்னும் ஒளியில். அந்த விளக்கும் ஏறக்குறைய அதே வேகத்தில் மின்னிக்கொண்டிருந்தது. விளக்கைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றினோம். ரிமோட் உயிர்பெற்றது.

வைஃபை வந்தபின் புகார் வேறு மாதிரி வருகிறது. "சாப்பாடு சுட வைக்கும்போது மட்டும் படம் சுத்துது அண்ணாச்சி" என்று ஒரு மருமகள் சொன்னார். ஆமாம், இப்போது என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறார்கள். மைக்ரோவேவ் அடுப்பு 2,450 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. பழைய வைஃபை அலைவரிசை 2,400இலிருந்து 2,483.5 வரை. இரண்டும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. அடுப்புக் கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்துவிட்டு, ரவுட்டரைச் சமையலறைச் சுவரிலிருந்து விலக்கி வைத்து, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிக் கொடுத்தேன். நீல நிற யு.எஸ்.பி. துளையில் ஹார்ட் டிஸ்க் செருகியதும் பக்கத்தில் இருக்கிற கம்பியில்லா மவுஸ் தடுமாறினாலும் இதே கதைதான். வேகமான அந்த யு.எஸ்.பி. இணைப்பின் இரைச்சல் இதே அலைவரிசையில் வந்து விழுகிறது. மவுஸின் சின்னப் பிளக்கை ஒரு நீட்டிப்பு ஒயரில் தள்ளி வைத்தால் போதும்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஐப்பசி மழையில், ஒரே தெருவில் மூன்று கார்களின் ரிமோட் சாவி வேலை செய்யவில்லை. மூவரும் தனித்தனியாகச் சாவிக்குப் பேட்டரி மாற்றியிருந்தார்கள். மூன்று சாவி ஒரே நாளில் கெடாது. என்னிடம் இருந்த கருவி ஒரு கார் சாவி மட்டும்தான். காரைத் தெருமுனைக்கு ஓட்டச் சொன்னேன். அங்கே பத்தடியிலிருந்து அழுத்தினால் திறந்தது. தெரு நடுவில் கதவை ஒட்டி நின்று அழுத்தினால்தான் திறந்தது. ஒரு வீட்டு கேட்டுக்கு முன்னால் திறக்கவே இல்லை. அந்த கேட்டில் ஒரு கம்பியில்லா அழைப்பு மணியின் பொத்தான். மழைத்தண்ணீர் இறங்கி, பொத்தான் அழுந்தியபடியே நின்றிருந்தது. மணிப்பெட்டி கெட்டுப்போனது என்று வீட்டார் அதை எடுத்து மூலையில் போட்டுவிட்டார்கள். பொத்தானோ இரவும் பகலும் 433 மெகாஹெர்ட்ஸில் கத்திக்கொண்டிருந்தது. கார் சாவிகள் பேசுவதும் அங்கேதான். உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று அரசு திறந்துவிட்ட பொதுவெளி அது. பொதுக் கிணறு மாதிரி, ஒருவர் வாளியை உள்ளேயே விட்டுவிட்டால் எல்லோருக்கும் கஷ்டம். பொத்தானிலிருந்து சுண்டுவிரல் அளவு பேட்டரியை எடுத்தேன். மூன்று காரும் திறந்தன.

*

கடைசியாக ஒரு வீடு. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

வயதான தம்பதி. பிள்ளைகள் வெளியூரில். ஆச்சிக்குக் காலையில் ரேடியோவில் பக்திப் பாடல் கேட்டாக வேண்டும். "மோட்டார் போட்டா ரேடியோ படபடங்கு தம்பி. புதுசு வாங்கிருதேன், நல்லதாப் பாத்துச் சொல்லு" என்றார்கள். புதிது வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று டிரான்சிஸ்டரோடு போனேன்.

தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள். படபடப்பு வந்தது. மோட்டாருக்குப் பக்கத்தில் போனேன், கூடவில்லை. குச்சியின் முனை வீட்டுக்குள்ளே காட்டியது. நடையில் மெயின் போர்டுக்கு ஓரடி தூரத்தில் ரேடியோ அலறியது. மோட்டாரை நிறுத்திவிட்டு இஸ்திரிப் பெட்டியைப் போடச் சொன்னேன். அதற்கும் படபடத்தது. ஆகவே எந்தச் சாமானிலும் பழுது இல்லை. அதிக மின்னோட்டம் எதன் வழியாகப் போனாலும், அது கடக்கிற ஒரே வாசலில் பொறி பறக்கிறது. போர்டுக்கு முன்னால் நின்றபோது லேசாக மீன் வாடை வந்தது. "ஆச்சி, மீன் வாடை எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டேன். "நம்ம ஊர்ல மீன் வாடைக்கு என்ன குறைச்சல்?" என்றார்கள்.

சூடேறிக் கருகுகிற பேக்லைட்டுக்கும் மீன் வாடைதான். மெயினை இறக்கிவிட்டு மூடியைத் திறந்தேன். நியூட்ரல் ஒயரின் திருகு தளர்ந்திருந்தது. ஒயரின் உறை இரண்டு அங்குலத்துக்கு உருகி, பேக்லைட் கரியாகி, பின்னால் இருந்த மரப்பலகை கருகத் தொடங்கியிருந்தது. புதிய ரேடியோ வாங்கி, பண்பலைக்கு மாற்றிக் கொடுத்திருந்தால் படபடப்பு கேட்டிருக்காது. ஆச்சி நிம்மதியாகப் பாட்டுக் கேட்டிருப்பார்கள். அந்தப் பலகை ஒரு நாள் பற்றியிருக்கும்.

அந்த ஒயரின் கருகிய துண்டைக் கடையில் வைத்திருக்கிறேன். வேலை கற்றுக்கொள்ள வருகிற பையன்களுக்கு முதல் நாள் அதைத்தான் காட்டுகிறேன்.

*

படிக்கிறவர்களிடம் சில வார்த்தைகள். மிக்ஸியின் இரைச்சலை அடக்க அதன் குறுக்கே கண்டன்சர் போடுவது பழைய வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் அது 'எக்ஸ் 2' என்று அச்சிட்ட, 275 வோல்ட் ஏ.சி.க்கான கண்டன்சராக இருக்க வேண்டும். நம் வீட்டு 230 வோல்ட் ஒவ்வொரு அலையிலும் 325 வரை எழும், இடி மின்னல் நேரத்தில் அதற்கும் மேலே போகும். சாதாரணக் கண்டன்சர் அதில் வெடித்துத் தீப்பிடிக்கும். எக்ஸ் 2 வகை, கெட்டாலும் தீப்பிடிக்காத மாதிரி செய்யப்பட்டது. இந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். உங்கள் கையால் செய்யக்கூடியது ஃபெரைட் வளையம். ஒயரை அதற்குள் ஒரு தடவை நுழைப்பதற்குப் பதில் மூன்று தடவை சுற்றி எடுத்தால், தடுக்கும் திறன் ஏறக்குறைய ஒன்பது மடங்காகும். இரைச்சல் குறைகிறது என்பதற்காக எர்த் ஒயரை மட்டும் யாரும் துண்டிக்கக் கூடாது. பெயரில்லாத மலிவு சார்ஜரும் எல்.இ.டி. பல்பும் விலையில் மிச்சப்படுத்துவது பெரும்பாலும் உள்ளே இருக்க வேண்டிய வடிகட்டியைத்தான். கையில் எடுத்துப் பார்த்தால் எடையிலேயே வித்தியாசம் தெரியும்.

வீட்டில் பேட்டரியில் ஓடும் ஒரு மத்திய அலை டிரான்சிஸ்டரை வைத்திருங்கள். புயலில் கோபுரங்கள் சாய்ந்து செல்போன் ஊமையானாலும் அது பேசும். மற்ற நாளில், மாதம் ஒரு தடவை, முள்ளை வெற்றிடத்தில் நிறுத்தி, வீட்டின் ஒவ்வொரு சுவிட்ச் போர்டுக்கு முன்னாலும் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். சீரான உறுமல் கேட்டால் அது ஏதோ ஒரு சாமானின் சுபாவம், அவசரமில்லை. ஒழுங்கில்லாமல் படபடத்தால், மின்விளக்கு லேசாகத் துடித்தால், மீன் வாடை வந்தால், ரேடியோவை விட்டுவிட்டு முதலில் மெயினை இறக்குங்கள். பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.